அரங்கேறாத பொருளும் அவசர விற்பனையும்

நூலொன்றை எழுதி முடித்த புலவர் அதனை உடனே உலகிற்கு வழங்கிவிடுதல் நம் முன்னோர் வழக்கமன்று. கற்றோர் கூடிய அவையில் அதனை அரங்கேற்றினர். அவையோர் எழுப்பிய ஐயங்களுக்கு விடை கூறினர். குற்றம் காட்டப்பெற்றவிடத்துத் திருத்தினர். அதன் பின்னரே அது நூலென்று வழங்கியது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிய செய்தியைப் பனம்பாரனார் பாயிரம் தெரிவிப்பதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். வெளியிடுமுன் ஆராய்தல் வேண்டும் என்னும் நெறி நமக்குப் புதியதன்று.

இன்றைய வணிக உலகில் இந்நெறி தலைகீழாகி வருகிறது. கைப்பேசி, கணினி, விளையாட்டுக் கருவி, ஒலிபெருக்கி முதலியவற்றைச் செய்யும் நிறுவனங்கள், அவற்றை இயக்கும் மென்பொருள் முற்றுப்பெறுமுன்பே பொருளைக் கடைக்கு அனுப்புகின்றன. எஞ்சியவை பின்னர் வரும் என்பது அவை தரும் வாக்குறுதி. வாங்கியவன் பயன்படுத்திப் பார்த்துக் குறை சொல்கிறான். நிறுவனம் அதனைக் கேட்டுத் திருத்துகிறது. அரங்கேற்றம் விற்பனைக்குப் பின் நடைபெறுகிறது. விலை கொடுத்தவனே அவைப்புலவனாகவும் அமர வேண்டியிருக்கிறது. இது தகுமா என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினா.

தோட்டப் பள்ளித் தலைமையாசிரியன் ஒருவனுக்கு இவ்வாராய்ச்சி எதற்கென்று நண்பர்கள் கேட்கலாம். இவ்வழக்கம் எங்கள் பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பறைக்குள் வந்து, ஒரு குழந்தையின் ஏட்டிலும் புகுந்துவிட்டது. அதனைப் பின்னர்க் கூறுவேன். முதற்கண் உலகில் நடந்தவற்றைக் காண்போம்.

வழக்கம் வந்த வகை

முன்னாளில் மென்பொருள் வட்டிலோ சில்லிலோ பதியப்பெற்றுப் பெட்டியில் அடைக்கப்பட்டு வந்தது. பெட்டி கடையை விட்டுச் சென்றபின் உள்ளே ஒரு பிழை இருப்பது தெரிந்தால், அதனைத் திருத்த வேறு வழி அரிது. வட்டுகளை மீண்டும் அச்சிட்டு அனுப்ப வேண்டும். அச்செலவை நினைந்த அச்சமே பாதிக் கவனத்தைத் தந்தது எனலாம். இணையம் வந்தபின் இந்நிலை மாறியது. ஓரிரவில் உலகெங்கும் உள்ள கருவிகளுக்குத் திருத்தத்தை அனுப்ப இயல்கிறது. இஃது உண்மையில் பெரும் நன்மை. திருடர் நுழையத்தக்க ஓட்டை ஒன்று காணப்பட்டால், அதனை உடனே அடைத்துவிடலாம்.

ஆயினும் நன்மைக்கென வந்த வசதியே மற்றொரு நினைப்பிற்கும் இடங்கொடுத்தது. பின்னர்த் திருத்தலாம் என்றால், இப்போதே ஏன் திருத்த வேண்டும்? பண்டிகைக்கால விற்பனை நெருங்குகிறது; போட்டியாளன் முந்திவிடுவான்; முதலிட்டோர் கணக்குக் கேட்கின்றனர். ஆகவே இருப்பதை அனுப்புவோம் என்று துணிகின்றனர். 2011-ஆம் ஆண்டு எரிக் ரீஸ் என்பார் எழுதிய 'லீன் ஸ்டார்ட்டப்' என்னும் நூல், மிகச் சிறிய வடிவில் ஒரு பொருளைச் செய்து, அதனைப் பயன்படுத்துவோரிடமிருந்து விரைந்து கற்றுக்கொள்ளும் முறையைப் பரப்பியது. கற்றுக்கொள்ளுதற்குச் சொல்லப்பட்ட முறை அது. அதனையே முழு விலைக்கு விற்றற்குரிய சாக்காகப் பலர் எடுத்துக்கொண்டதுதான் கேடு.

மூன்று சான்றுகள்

முதற்சான்று அமெரிக்காவினது. ஆப்பிள் நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய இம்ரான் சௌத்ரி, பெத்தனி போஞ்சியோர்னோ ஆகிய இருவரும் தொடங்கிய ஹியூமேன் என்னும் நிறுவனம், 'ஏஐ பின்' என்று பெயரிட்ட ஒரு சிறு கருவியை 2023 நவம்பரில் அறிவித்தது. சட்டையின் மார்புப் பக்கத்தில் அணிந்துகொண்டு வாயால் கேட்டால் அது விடை சொல்லும். உள்ளங்கையில் ஒளியால் எழுத்தைக் காட்டும். கைப்பேசி இனித் தேவையில்லை என்னும்படியாக அது புகழப்பட்டது. விலை 699 அமெரிக்க வெள்ளி. அதற்கு மேலும் மாதந்தோறும் 24 வெள்ளி சந்தா. 2024 ஏப்ரலில் அது வாங்கியோர் கைக்குச் சென்றது. விடை வரக் காலம் தாழ்ந்தது; வந்த விடையும் பலகால் பிழைபட்டது; கருவி சூடேறியது; கையில் காட்டிய எழுத்து வெயிலில் தெரியவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், அதன் மின்னேற்றப் பெட்டியைத் தீப்பற்றும் அபாயம் கருதிப் பயன்படுத்த வேண்டா என்று நிறுவனமே எச்சரித்தது. 2025 பிப்ரவரியில் அந்நிறுவனத்தின் உடைமைகளுள் பெரும்பகுதியை எச்.பி. நிறுவனம் 116 மில்லியன் அமெரிக்க வெள்ளிக்கு வாங்க உடன்பட்டது. அம்மாதம் 28-ஆம் நாளோடு விற்ற கருவிகளின் தொடர்பு அறுக்கப்பட்டது. கருவியைப் பெற்றுத் தொண்ணூறு நாள் ஆகாதோர்க்கு மட்டுமே பணம் திரும்பக் கிடைத்தது. ஏனையோருக்கு எஞ்சியது, தன் மின்கலத்தில் எவ்வளவு மின்சாரம் உள்ளது என்பதை மட்டும் சொல்லவல்ல ஒரு சட்டைப் பொத்தான்.

இரண்டாவது சான்று போலந்து நாட்டினது. சி.டி. புரொஜெக்ட் என்னும் நிறுவனம் 'சைபர்பங்க் 2077' என்ற கணினி விளையாட்டை 2012-இல் அறிவித்து, பன்முறை தள்ளிவைத்து, 2020 டிசம்பர் 10-ஆம் நாள் வெளியிட்டது. புதிய உயர்வகைக் கணினிகளில் அது ஓரளவு ஓடியது. கோடிக்கணக்கானோர் வீட்டில் இருந்த பழைய விளையாட்டுக் கருவிகளிலோ தடுமாறியது; காட்சிகள் சிதைந்தன; இடையிலேயே நின்றது. ஒரு வாரத்திற்குள் சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்தே அதனை நீக்கி, பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. 2021 ஜூன் மாதத்தில்தான் அது அக்கடைக்குத் திரும்பியது.

மூன்றாவது சான்று ஒலிபெருக்கிகளைச் செய்யும் சோனோஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தினது. இதில் ஒரு புதுமை உண்டு. முன்னிரண்டிலும் முற்றுப்பெறாத பொருள் விற்கப்பட்டது. இங்கோ மக்கள் முன்னரே வாங்கி நன்கு பயன்படுத்திவந்த பொருள் முற்றுப்பெறாததாக ஆக்கப்பட்டது. ஒலிபெருக்கிகளை இயக்கும் செயலியை 2024 மே மாதத்தில் அந்நிறுவனம் புதிதாக மாற்றியது. பழைய செயலியில் இருந்த துயிலெழுப்பும் மணி, உறங்குநேரக் கட்டுப்பாடு முதலியன புதியதில் காணப்பெறவில்லை. திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் வசதியை நம்பியிருந்த பார்வையற்றோர், தம் வீட்டு ஒலிபெருக்கியைத் தாமே இயக்க இயலாமல் தவித்தனர். தலைமை நிருவாகி பாட்ரிக் ஸ்பென்ஸ் அவ்வாண்டு ஜூலையில் மன்னிப்புக் கேட்டார். பழைய செயலியை மீண்டும் தருதல் இயலாதென்றும் பின்னர் அறிவித்தார். 2025 ஜனவரியில் பதவியினின்று விலகினார். ஒலிபெருக்கியில் ஒரு கம்பியும் அறுந்துவிடவில்லை. அதனை இயக்கும் மென்பொருளின் அவசரமே அதனை ஊமையாக்கியது.

மறுப்போர் கூறுவன

நடுநிலையோடு ஆராய விரும்புவோன், மாற்றார் கூற்றையும் அதன் முழு வலிமையோடு எடுத்துக்காட்டுதல் கடன். விரைந்து வெளியிடுவதே நன்றென்பார் நான்கு காரணங்களைக் காட்டுவர்.

முதலாவது, மென்பொருள் ஒருநாளும் முற்றுப்பெறுவதன்று என்பர். சோதனையால் பிழை உண்டென்று காட்டலாமேயன்றி, இல்லையென்று காட்டவியலாது என்பது நெதர்லாந்துக் கணினியறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவின் புகழ்பெற்ற கருத்து. இரண்டாவது, ஆய்வுக்கூடத்தில் தோன்றாத குறைகள் மக்கள் கையில்தான் தோன்றும் என்பர். முதற்பதிப்பைக் கண்டு வெட்கப்படாதவன் காலந்தாழ்த்தி வெளியிட்டவனே என்பது, லிங்க்ட்இன் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவராகிய ரீட் ஹாஃப்மன் கொள்கை. மூன்றாவது, முற்றும் முடித்துத்தான் வெளியிட வேண்டுமெனின் பணவலிமை மிக்க பெருநிறுவனங்களே பிழைக்கும். சிறியோர் முடிக்குமுன் மடிவர் என்பர். நான்காவது, குறையோடு வந்தவை பின்னர்ச் செம்மையுற்றமையைச் சுட்டுவர். சைபர்பங்க் விளையாட்டே இதற்குச் சான்று. 2023 செப்டம்பரில் வந்த பெருந்திருத்தத்திற்குப் பின் அதனை இகழ்ந்தோரே புகழ்ந்தனர்.

இவற்றுள் ஒன்றையும் பொய்யென்று தள்ள நான் துணியேன். ஆயினும் இவை நாட்ட விரும்பும் முடிவை நாட்டவில்லை.

முதற்காரணத்தைப் பார்ப்போம். முற்றுப்பெறுதல் என்னும் சொல்லை இங்கு இருபொருள்பட ஆள்கின்றனர். பிழையே இல்லாமை ஒன்று. சொன்னதைச் செய்து முடித்தல் மற்றொன்று. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்க்கு இவ்வேறுபாடு நன்கு விளங்கும். சந்திப்பிழை இரண்டோடு மூன்று பக்கம் எழுதிய மாணவனும், முதற்பக்கத்தை மட்டும் எழுதி, எஞ்சியவற்றை அடுத்த வாரம் தருகிறேன் என்று குறித்துவிட்டுப் போனவனும் ஒருவரல்லர். முன்னவனுக்கு மதிப்பெண் குறையும். பின்னவனோ தேர்வை எழுதியவனே அல்லன். டைக்ஸ்ட்ராவின் கருத்து முதல்வனுக்குப் பரிந்து பேசும், இரண்டாமவனுக்குப் பேசாது.

மேலும், மென்பொருளைச் செம்மையாக முடித்தல் இயலாதென்பார்க்கு டொனால்டு நூத் என்னும் பேராசிரியரின் வாழ்க்கையே விடை. தாம் எழுதிய நூல்கள் அழகாக அச்சாகவில்லையே என்று வருந்தி, 1970-களின் இறுதியில் 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை அவர் இயற்றத் தொடங்கினார். பின்னர்ப் புதிய வசதி சேர்ப்பதை நிறுத்திவிட்டு, பிழை திருத்துவதை மட்டும் மேற்கொண்டார். ஒவ்வொரு திருத்தத்திற்கும் அதன் பதிப்பெண் 3.14, 3.141 என்று வட்டத்தின் 'பை' எண்ணை நெருங்கிக்கொண்டே செல்கிறது. அதில் பிழை கண்டுபிடித்தோர்க்குக் காசோலை எழுதித் தந்தார். பிழை கண்டவனுக்குப் பணம் தந்த அவர் எங்கே? பிழை காண்பதற்கு நம்மிடமே பணம் வாங்கும் இவர்கள் எங்கே?

நான்காம் காரணத்திற்கும் விடை உண்டு. சைபர்பங்க் விளையாட்டில் பின்னர்த் திருந்தியது பொருள். வெளியிட்ட நாளில் நேர்ந்த குற்றம் அன்று. வெளியீட்டுக்கு முன் மதிப்புரை எழுதுவோர்க்கு உயர்வகைக் கணினிப் பதிப்பே வழங்கப்பட்டது. பழைய கருவிகளில் அது படும் பாட்டை வாங்குவோன் அறிதற்கு வழியில்லை. அந்நிறுவனத்தின் குற்றம் குறையுடைய பொருளைச் செய்தது அன்று. குறை தெரியாதபடி விற்றது.

பாயிரம் வேண்டும்

இரண்டாவதும் மூன்றாவதுமாகிய காரணங்களே ஆழ்ந்து எண்ணத்தக்கவை. மக்கள் கையில்தான் குறை தோன்றும் என்பது மெய். ஆயின் குறையுள்ளதை வெளியிடுவதற்கும் ஒரு நேர்மையான வழி உண்டு.

பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஒரு கணினி இயக்க அமைப்பைச் செய்துவருவதை 1991 ஆகஸ்டில் அறிவித்தார். பொழுதுபோக்காகச் செய்வது, பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்க வேண்டா என்று முதலிலேயே கூறிவிட்டார். பதிப்பெண் 0.01 என்பதே அதன் இளமையைச் சொல்லிற்று. ஒன்றாம் பதிப்பு என்று பெயரிட 1994 மார்ச் வரை அவர் காத்திருந்தார். அதுவே லினக்ஸ், இன்றைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளமும் அதுவே. கூகுள் நிறுவனமும் தன் ஜிமெயில் அஞ்சலை 2004 ஏப்ரல் முதல் நாளில் 'பீட்டா', அதாவது சோதனைப் பதிப்பு என்னும் அடையோடு வெளியிட்டு, 2009 ஜூலையில்தான் அவ்வடையை நீக்கியது. இவ்விரண்டும் முற்றுப்பெறாமல் வந்தவையே. ஆயினும் ஒருவரும் ஏமாறவில்லை. ஏன்? குறை முன்னரே சொல்லப்பட்டது, விலை கேட்கப்படவில்லை, விரும்பியோரே வந்து சேர்ந்தனர்.

என் ஆசிரியர் பயிற்சிக் காலம் நினைவிற்கு வருகிறது. கல்லூரியினின்று பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்பப்பட்டபோது நான் முற்றுப்பெறாத ஆசிரியன்தான். குழந்தைகள் முன் நிற்காமல் எவரும் ஆசிரியராதல் இயலாது என்பதும் மெய்யே. எனினும் நான் பயிற்சி ஆசிரியன் என்பது தலைமையாசிரியர்க்குத் தெரியும், பெற்றோர்க்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். வகுப்பின் பின்வரிசையில் விரிவுரையாளர் ஏடும் கையுமாக அமர்ந்திருப்பார். நான் கரும்பலகையில் எழுதிய பிழை, மணியடிக்குமுன் திருத்தப்பட்டுவிடும். பழகாதவன் பழகுதற்கு வகுப்பு இடந்தந்தது; அவன் பழகுவதன் கேடு பிள்ளைகள்மேல் விழாதபடி ஒருவர் காவலிருந்தார். வணிகர் கேட்பது முன்னதை மட்டும், பின்னதை மறந்துவிடுகின்றனர்.

நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்று நம் இலக்கணம் கூறும். செய்தவர் யார், எதன் வழிவந்தது, எவ்வெல்லைக்குள் வழங்குவது, எதனைக் கூறுவது, யார் கேட்டற்குரியர், என்ன பயன் என்பவற்றைச் சிறப்புப்பாயிரம் முன்னரே உரைத்துவிடும். விற்கும் பொருளுக்கும் அத்தகைய பாயிரம் வேண்டும். இது செய்யும், இது செய்யாது, இன்னது இன்னும் ஆகவில்லை என்று பெட்டியின்மேல் எழுதுக. எழுதியபின் வாங்குவோன் தன் அறிவோடு வாங்கட்டும். சிறிய நிறுவனத்திற்கும் இதனால் இழப்பில்லை. குறைந்த விலைக்கு விற்று, குறையைச் சொல்லி, வாங்குவோரைத் துணைவராக்கிக்கொள்ளலாம். ஆகவே என் துணிபு இது: முற்றுப்பெறாததை வெளியிடுதல் குற்றமன்று, முற்றுப்பெற்றதென்று சொல்லி விற்றலே குற்றம்.

இதற்கும் ஒரு விலக்கு உண்டு. உயிர் சார்ந்த இடத்தில், சொல்லிவிட்டேன் என்பதும் போதாது. இந்தோனேசியாவில் 2018 அக்டோபர் 29-இலும் எத்தியோப்பியாவில் 2019 மார்ச் 10-இலும் போயிங் 737 மேக்ஸ் வானூர்திகள் இரண்டு வீழ்ந்து 346 பேர் மாண்டனர். வானூர்தியின் மூக்கைத் தானாகவே தாழ்த்தும் ஒரு மென்பொருள், ஒரே ஓர் உணர்கருவி தந்த பிழையான செய்தியை நம்பி, மீண்டும் மீண்டும் தாழ்த்தியது. அத்தகைய மென்பொருள் உள்ளதென்பதே முதல் விபத்துக்கு முன் விமானிகளின் கையேட்டில் விளக்கப்பெறவில்லை. அங்குப் பாயிரமும் இல்லை. அரங்கேற்றமும் நிறைவாக இல்லை. விளையாட்டுப் பொருளில் அடுத்த திருத்தம் வரும்வரை காத்திருக்கலாம். வானத்தில் காத்திருத்தல் இயலுமோ?

எங்கள் பள்ளியில் நேர்ந்தது

இனி, தொடக்கத்தில் கூறிய செய்திக்கு வருவோம். எங்கள் தோட்டத்துப் பெற்றோரிற் பலர் செம்பனைக் காட்டில் உழைப்பவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் பெற்றோர் ஆசிரியர் சங்கம் உணவுச் சந்தை ஒன்றை நடத்திப் பணம் திரட்டி, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கென டேப்லட் கணினிகள் சிலவற்றை வாசிப்புச் செயலியோடு வாங்கித் தந்தது. நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டா. பெட்டியின்மேல் மும்மொழி என்று அச்சிட்டிருந்தது. திறந்து பார்த்தபோது மலாயும் ஆங்கிலமும் இனிது இயங்கின. தமிழ்ப் பகுதியில் படங்கள் இருந்தன, ஒலி இல்லை, எழுத்துகளோ சிதைந்து கிடந்தன. 'தேன்' என்ற சொல்லில் தகரம் முன்னே நின்றது. அதன் கொம்பு பின்னே பிரிந்து, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைப் பற்றிக்கொண்டு தனியே நின்றது. விற்பனையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். "அடுத்த அப்டேட்டில் தமிழ் சரியாகிவிடும், ஐயா; கவலைப்படாதீர்கள்" என்றார்.

எங்கள் தோட்டத்தில் இணையத் தொடர்பு மழை பெய்தால் நின்றுவிடும். வெயிலிலும் நடந்தே வரும். திருத்தம் வந்ததாகச் சொன்ன நாளில், இரவெல்லாம் அலுவலகத்தில் கணினிகளை விழித்திருக்க வைத்தும் பதிவிறக்கம் பாதியில் நின்றது. பின்னர்ப் பட்டணத்திற்கு எடுத்துச் சென்று ஏற்றியபோது, ஒலி வந்தது, கொம்பு வரவில்லை. அதன்பின் அச்செயலிக்குத் திருத்தமே வரவில்லை.

இடையில் ஒருநாள் எழுத்துப் பயிற்சி ஏடுகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெண்குழந்தை மிக அழகாக, கோட்டைத் தாண்டாமல் எழுதியிருந்தாள். முதலில் தகரம், பின்பு கொம்பு, அதன் பக்கத்தில் சிறு சிறு புள்ளிகளை வைத்து ஒரு வட்டம். வரிக்கு ஐந்து முறை, ஒரு பக்கம் முழுதும். அழைத்துக் கேட்டேன். "கணினியில் இப்படித்தான் இருந்தது, சார்" என்றாள். அவள் கண்ணில் குற்றமில்லை, கையில் குற்றமில்லை, கண்டதை உள்ளபடி எழுதியதுதான் அவள் செய்தது. அழிப்பானை எடுத்து அவளோடு அமர்ந்து அப்பக்கத்தை அழிக்க நெடுநேரம் ஆயிற்று. ஏட்டில் எழுதியது அழிந்தது. கணினியைவிட வாத்தியார் பெரியவரா என்று அக்குழந்தையின் முகத்தில் தோன்றிய ஐயம் அவ்வளவு எளிதில் அழியவில்லை.

தமிழை ஏற்பது கணினிக்கு அரிய செயலோ எனின், அன்று. ஒருங்குறித் தரத்தின் முதற்பதிப்பிலேயே, 1991-இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. விண்டோஸ் 2000 தமிழைக் காட்டவல்லதாக வந்தது. அதற்கும் முன்னரே நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இலிருந்தும், சிங்கப்பூரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த நா. கோவிந்தசாமி 1990-களிலும் கணினியில் தமிழை நிலைநிறுத்த உழைத்தனர். வழி போட்டாயிற்று; நடக்க மனமில்லை என்பதே செய்தி. முற்றுப்பெறாமல் வெளியிடும் நிறுவனம், எதனை முதலில் முடிப்பது, எதனைப் பின்னுக்குத் தள்ளுவது என்று ஒரு வரிசை வகுத்துக்கொள்கிறது. அவ்வரிசையின் கடைசியில் நிற்போர் எப்போதும் ஒருவரே: சிறுதொகை மொழியினர், பார்வையற்றோர், பழைய கருவி வைத்திருப்போர், இணைய வசதி குன்றிய ஊரினர். சோனோஸ் செய்தியில் பார்வையற்றோரும், சைபர்பங்க் செய்தியில் பழைய கருவியுடையோரும் இடருற்றதை மேலே கண்டோம். எங்கள் பள்ளியில் நேர்ந்ததும் அதுவே. பின்னர்த் திருத்துவோம் என்னும் வாக்குறுதி, நல்ல இணையமும் ஓய்வும் பொறுமையும் உடையவனை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. தோட்டப் பள்ளிக்கு அந்தப் 'பின்னர்' வருவதேயில்லை.

செய்யத்தக்கன

சட்டம் மெல்ல விழித்துக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய பொருட்பொறுப்பு நெறிமுறை, மென்பொருளையும் பொருளென்றே கொண்டு, அதன் குறையால் உடலுக்கோ உடைமைக்கோ கேடு நேரின் செய்தவரே பொறுப்பு என்கிறது. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பருக்குள் அதனைத் தத்தம் சட்டமாக்குதல் வேண்டும். வணிக நோக்கமின்றி இலவசமாக வழங்கும் திறமூல மென்பொருளுக்கு அது விலக்களித்திருப்பதும் கருதத்தக்கது. விற்பவனையும் இலவசமாகத் தருபவனையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது என்னும் நெறியே அங்கும் காணப்படுகிறது. நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், விற்ற பொருள் விளக்கத்தில் சொல்லியபடி இருத்தல் வேண்டும் என்கிறது. ஆயினும் சட்டம் வரும்வரை நாம் கைகட்டி இருத்தல் தகாது.

பள்ளிக்கெனப் பொருள் வாங்குமுன் ஆசிரியர்கள் ஐந்து கேள்விகளைக் கேட்கப் பழகுதல் நன்று. இன்று, இந்த நிமிடத்தில், இப்பொருள் செய்வன யாவை? தமிழ்ப் பகுதியை என் கண்முன் இயக்கிக் காட்டுவீர்களா? இணையமின்றி இயங்குமா? நிறுவனம் மூடப்பட்டால் இது என்னாகும்? வாக்களித்தது வாராவிடின் பணம் எத்தனை நாளில் திரும்பும்? இவற்றிற்கு எழுத்தில் விடை தாராதவரிடம் பிள்ளைகளின் பணத்தைக் கொடுக்க வேண்டா. கூச்சப்பட்டு நாங்கள் கேட்காமல் விட்ட கேள்விகள் இவை.

முற்றுப்பெறாமை இழிவன்று, நாம் அனைவரும் முற்றுப்பெறாதவர்களே. பள்ளிக்கூடம் என்பதே முற்றுப்பெறாதோர் கூடும் இடந்தான். ஆனால் அங்கே எவரும் தம்மை முற்றுப்பெற்றவரெனச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தம் குறையைப் பிறர் தலையில் சுமத்துவதுமில்லை. அந்நேர்மையை வணிகரிடம் எதிர்பார்த்தல் மிகையாகாது.

அப்பெண்குழந்தை இப்போது நான்காம் ஆண்டில் படிக்கிறாள். 'தேன்' என்று பிழையின்றி எழுதுகிறாள். அவளுக்கு அதனைக் கற்பித்தது எந்தப் புதுப்பிப்பும் அன்று. முதலாம் ஆண்டு ஆசிரியை கையைப் பிடித்து எழுதவைத்த கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமே. அவை பெட்டியிலிருந்து எடுத்த நாளிலேயே முற்றுப்பெற்றிருந்தன.